இப்பொன்

கனசாவாவில் ஆறாம் நாளும் மழை.
கடைப் பின்கட்டில் வெங்காயத்தாள் கட்டுகிறோம்.
நீளமானதற்குத் தனிக் கணக்காம்:
ஒன்று என்றால் இப்பொன்.
எந்தப் பொன் என்று தமிழில் கேட்டுவிட்டேன்.
நகாகோமே நிமிராமல் அடுத்ததை நீட்டினாள்:
நிஹொன். அதற்கடுத்தது சம்பொன்.
ஏன் உருமாறுகிறது?
தலையைச் சாய்த்தாள். வாய்க்கு அப்படித்தான் வருகிறது.

குடைக்கும் பென்சிலுக்கும் இதே கணக்கு.
கடைசி ரயிலுக்கும்.
போன் அழைப்புக்குமா? ஆமாம்.
அழைப்பில் எது நீளம்?
கம்பி, என்று காற்றில் கோடு இழுத்தவள்
என் செல்போனைப் பார்த்து
பாதியில் விரலை மடக்கிக்கொண்டாள்.

இரவு, ஈரக் காலுறையோடு எண்ணினேன்.
தவறிய அழைப்புகள்
இப்பொன், நிஹொன், சம்பொன்.
மூன்றும் வீட்டுக்காரர் ததேனோ:
எரிக்கும் குப்பை நாளில்
பாட்டில் வைத்தது நான்தானா என்று.

நான்தான்.
ஏழு.
நனஹொன்.