ஆறாம் இலக்கக் கவுண்டர்

மழை விட்ட செவ்வாய்க்கிழமை.
டோக்கன் நாற்பத்தொன்று.
கண்ணாடிக்கு அப்பால் கொம்புதான் முதலில் தெரிந்தது,
பிறகு ஈரத்தாடி,
பிறகு மாநகர சபையின் மெழுகிய தரையில்
குளம்புச் சத்தம்.
காவலாளி ஜெகசோதி எழும்பினவர்
என்ன செய்வதென்று தெரியாமல்
திரும்ப இருந்துவிட்டார்.

பெயர்?
சாட்டிர்.
முழுப்பெயர்?
நாங்கள் கூட்டமாகத் திரிகிறவர்கள், தனிப்பெயர் பழக்கமில்லை.
பிறந்த இடம் ஆர்க்காடியா.
கிராம சேவகர் பிரிவு என்ற கட்டத்தில்
கோடு கீறினேன்.

புல்லர்ஸ் வீதி மாரா மரங்களைப் பற்றி வந்திருந்தான்.
கிளையொன்று முறிந்து ஓட்டோவை நசுக்கிய பிறகு
பன்னிரண்டுக்குச் சிவப்பு மையில் இலக்கம் போட்டாயிற்று.
பட்டியல் அடித்தவள் நான்.

"ஏழாம் இலக்கத்துக்குள் ஒருத்தி இருக்கிறாள்.
மரம் முளைத்த அன்று பிறந்தவள்.
மரம் விழுகிற அன்று..."
முடிக்கவில்லை. காதுகள் மடிந்தன.

உறவு முறை? படிவத்தில் இருக்கிறது, கேட்டேன்.
"துரத்துகிறவன்.
நிலா நாளில் வெளியே வருவாள்.
என் காலடி கேட்டால்
உள்ளே புகுந்து பட்டையைச் சாத்திக்கொள்வாள்.
விடியும்வரை குழல் ஊதுவேன்.
ஒருநாளும் திறந்ததில்லை."

நூற்றைம்பத்து நான்காம் இலக்க பஸ்ஸில்
பின்னால் நெருக்கி நிற்கிறவர்களை எனக்குத் தெரியும்.
திராட்சை மதுவும் ஆட்டுவாடையுமாய்
அதே மூச்சு.
அப்படியென்றால் உனக்கென்ன, என்றேன்.

"ஒளிந்துகொள்ளவாவது
அவளுக்கு ஓரிடம் வேண்டாமா?"

வாக்காளர் இடாப்பில் அவள் பெயரில்லை.
மின்சார பில்லில்லை.
எங்களுக்கு இருந்தது.
வனாத்தமுல்லைத் தோட்டத்தை இடித்தபோது
பதினோராம் மாடியில் வீடு தந்தார்கள்.
அண்ணனின் புறாக்கள் பழைய கூரையைத் தேடி
இரண்டு நாள் வானத்திலேயே சுற்றின.
இதையெல்லாம் அவனிடம் ஏன் சொல்ல?
"பரிசீலிக்கப்படும்" என்று முத்திரை குத்திக் கொடுத்தேன்.
முகர்ந்து பார்த்தான்.
ஒரு மூலையைக் கடித்து மென்றுகொண்டே
படியிறங்கிப் போனான்.

பின்னேரம் மீண்டும் தூறல்.
ஏழாம் இலக்கத்தின் முன் குடையோடு நின்றேன்.
குடியிருப்பவருக்கு முன்னறிவித்தல் தரவேண்டும்,
விதி அப்படி.
விரல் மடக்கிப் பட்டையில் தட்டினேன்.
வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி, என்றேன்,
சிங்களத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம்.

எந்த மொழியில் கேட்பாளோ.

பிறகு, விதியில் இல்லாதது:
அவன் இங்கே இல்லை, பிள்ளை.
நான் மட்டும்தான்.