மூவாயிரத்து ஐந்நூறு சுற்றில்

லீசிங் காசு மூன்றுமாதம்கூடக் கட்டவில்லை.
கம்பனிச் சைலன்சரைக் கழற்றி
சாக்கில் சுற்றிவிட்டான் கிண்ணியா நௌசாத்.
புதுக்குழாய் மெல்லிசு,
தட்டினால் சிரட்டைச் சத்தம்.
"காத்து கூடிட்டு, பெற்றோல் காணாது"
என்று சீற்றில் மடிக்கணினியை வைத்து
கட்டங்கட்டமாய் இலக்கம் மாற்றினான்.

உட்துறைமுக வீதியில் ஓட்டிப்பார்த்தேன்.
மூவாயிரத்து ஐந்நூறில் இருந்த விக்கல் போயிருந்தது.
அக்சிலேட்டரில் கையை விட்டதும்
படபடவென்று வெடித்தது குழாய்.

பொலித்தீன் மென்றுகொண்டிருந்த மான்கள்
காதைக்கூட அசைக்கவில்லை.
ஐஸ்பெட்டி தூக்கிவந்த ஒருவர்தான்
பெட்டியோடு மதிலடியில் குந்தினார்.
பிறகு எழும்பி, சாரத்தைத் தட்டி,
"நல்ல பைக், தம்பி" என்றார்.

திரும்பிவந்தேன்.
கைவிடுற இடத்தில இன்னும் கொஞ்சம் ஊத்து, நௌசாத்.
"பெற்றோல் குடிக்கும். சத்தத்துக்குத்தானே காசு தந்த?"

ஓம்.
குடிக்கட்டும்.