புதன்கிழமைக்குத் தூள்

மா வறுக்கிற தாச்சியில்
தூள் வறுக்கிறேன்.
சின்ன நெருப்பு. அகப்பை நிற்கக்கூடாது.
"என்ன, குரக்கன் மாவா?" என்று
எதிர்வீட்டு மல்காந்தி வாசலில் மூக்கை நீட்டுகிறாள்.
வாசமே இல்லாததை வறுக்கிறவள்
என்ன சொல்ல?
எரிமலைக் கல்லின் பொடி,
எலிகள் குளிக்க, என்றேன்.
அவள் தன் கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டாள்.

எலி இல்லை. டெகு.
சிலி நாட்டு மலைச்சரிவில்
மாதக்கணக்கில் மழை எட்டிப் பார்க்காத மண்ணுக்கென்று
செய்யப்பட்ட உடம்பு.
அப்படி மூன்றை, பிறந்து ஒன்பது கிழமை,
வெள்ளவத்தையில்
கடலுக்கு ஒரு தெரு இப்பால்
நாலாம் மாடியில் வைத்திருக்கிறேன்.

இங்கே உப்பு போத்தலோடு இறுகும்.
தீப்பெட்டி நமுக்கும்.
மழைக்குக் கதவு வீங்கி நிலையைக் கவ்வும்.
தூள் மட்டும் தூளாய் இருக்குமா?
இரண்டு நாளில் பேணிக்குள் கட்டி.
கட்டி மயிரில் ஒட்டும், எண்ணெய் போகாது,
உரோமம் நனைந்த சாக்குப்போலத் திரளும்.
ஆகவே வறுவல்.

"காசு குடுத்துத் தூசி வாங்கிற ஆளை
இப்பதான் பாக்கிறன்,"
யதுர்ஷிகா தும்புத்தடியோடு நிற்கிறாள்.
வாடகையில் பாதி அவளுடையது,
தும்மலில் முக்கால்வாசியும்.

பெயர்கள்: சீனி, கச்சான், மற்றது.
சீனிக்குச் சீனி ஆகாது.
வாழைப்பழத்தில் நகமளவும் ஆகாது,
நீரிழிவு வந்து கண்ணில் பூ விழும்.
பெயர் வைத்த பிறகுதான் படித்தேன்.
மற்றதுக்கு அதனால்தான் இன்னும் பெயரில்லை.

பகலில் பம்பலப்பிட்டியில் பல் டொக்டருக்கு உதவி.
"மஞ்சள் பிடிச்சிருக்கு, சேர்"
என்று திறந்த வாய்களுக்குச் சொல்லிவிட்டு
இரவில் மூன்று குட்டி வாய்களில்
செம்மஞ்சள் தேடுகிறேன்.
வெளிறினால்தான் வியாதி.
இப்போதுதான் நிறம் ஏறத் தொடங்கியிருக்கிறது,
தோடம்பழத் தோல் காயும்போது வருகிற நிறம்.

வாலைப் பற்றியும் சொல்லவேண்டும்.

வந்த முதல் சனிக்கிழமை
எனக்கு ஒன்றும் தெரியாது.
பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர்,
குழந்தைகளுக்கான சோப்பு, மடித்த துவாய்,
எல்லாம் அன்போடு.
கச்சான் துள்ளியது. நான் பிடித்தேன்.
வால் கையில் நின்றது.
வால் இல்லை, வாலின் தோல்:
நுனியில் கறுப்புக் குஞ்சம் வைத்த
ஒரு சின்ன உறை.
அலுமாரிக்குக் கீழே மிச்சம் ஓடியது.
அது கத்தவில்லை.
கத்தியது நான்.

கொகுவலை மிருக வைத்தியர்
என்னைத் திட்டாமல் சொன்னார்:
பருந்தின் பிடியில் இப்படித்தான் விட்டுவிட்டு ஓடும்,
திரும்ப முளைக்காது.
பருந்து என்ற சொல்லை
ஓட்டோவில் வீடுவரை வைத்திருந்தேன்.
வெறும் எலும்பை மூன்றாம் நாள்
அதுவே கடித்துக் கழித்தது.

தூள் ஆறிவிட்டது.
பழைய மீன்தொட்டியில் இரண்டு விரல் உயரம் பரப்பி
வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறேன்.
சீனி முதலில். விழுந்து, சுழன்று, எழுந்து
உதறியதில் ஒரு சாம்பல் புகை.
அதே குழியில் மற்றது.
ஒன்றின் மணத்தில் ஒன்று புரண்டு
மூன்றும் ஒரே வீட்டார் ஆகும் விதம் இது.
கச்சானுக்குப் புரளும்போது நிலை தவறுகிறது.
மல்லாந்து, நாலு காலும் மேலே,
கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கிறது.
தூக்கிவிடக் கை போகிறது.
போகவிடவில்லை.
அது தானாகவே ஒருக்களித்து
இன்னொரு தரம் விழுகிறது, வேண்டுமென்றே.

பத்து நிமிடம். தொட்டியை எடுத்துவிட வேண்டும்,
விட்டால் அதிலேயே மூத்திரம் பெய்யும்,
தோலும் காய்ந்து வெடிக்கும்.

பிறகு சீனி என் மணிக்கட்டில் ஏறி
பூனைமயிரை ஒவ்வொன்றாய்ப் பல்லால் கோதுகிறது,
நானும் அழுக்கான ஒரு டெகு என்று.
மற்றது முழங்கைவரை வருகிறது.
கச்சான் விரல் நுனியை மோந்து
ஒரு தும்மல் தும்மி
திரும்பிப் போகிறது.

கடற்கரை ரயில் போகையில் யன்னல் அதிர்கிறது.
பேணியின் மூடியை இறுக்குகிறேன்.
எப்படி இறுக்கினாலும்
காற்று உள்ளே போகும்.
புதன்கிழமை திரும்ப வறுக்க வேணும்.