இருபத்தேழாம் மேடை

காரூவில் மழை பெய்து பதினான்கு மாதம்.
வரைபடத்தில் நாற்பது புள்ளிகள் வைத்திருக்கிறோம்.
மூன்று கைகளாகச் சுருண்டு
எட்டுக் கிலோமீட்டருக்குக் கிடக்கின்றன.

தட்டுகள் பார்ப்பதில்லை.
தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும்
கருங்கல்லும் கரட்டுச் செடியும்
எறும்புதின்னி தோண்டிய வளையும்தான் பார்க்கின்றன
என்று சொன்னேன்.
நிதிக் குழு சிரித்தது:
"அப்படியானால் தட்டுக்கு எதற்குப் பணம்?"

மேலிருந்து வரும் அலை
ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.
அதை எட்டுக் கிலோமீட்டரால் வகுத்தால்
ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று யாரோ நீட்டும்
ஐந்து ராண்ட் நாணயத்தின் அகலம்.
அவ்வளவுதான் எங்கள் கூர்மை.
நாணயத்தில் நிற்கும் காட்டுமாடு தெரியாது.
அது தெரிய இன்னும் நிலம் வேண்டும்.
நிலம் என்றால் வேலி,
வேலி என்றால் ஒரு பெயர்.

இருபத்தேழாம் மேடைக்கு
அந்தப் பெயர் ஃப்ளோரிஸ் கூப்மான்.
புள்ளி அவருடைய ஆட்டுப்பட்டிக்கு நடுவில் விழுந்திருந்தது.
குட்டி போடும் பட்டி,
அந்தச் சரிவில் காற்று அடிக்காத ஒரே இடம்.
தொப்பியைக் கழற்றாமலே கேட்டார்:
"நட்சத்திரம் நகருமா?"
நகரும் என்றேன்.
"பட்டி நகராது."

அன்றிரவு அறுபத்தைந்து மீட்டர் கிழக்கே தள்ளிப் பார்த்தேன்.
ஒன்று நகர்ந்தால் முப்பத்தொன்பது இடைவெளிகள் நகர்கின்றன.
எந்த இடைவெளியும் இன்னொன்றைப் போலிருக்கக் கூடாது,
இருந்தால் இரண்டில் ஒன்று தண்டம்.

நொம்புலேலோ தேநீரோடு வந்து திரையைப் பார்த்தாள்.
"எல்லாரையும் விரட்டிக்கொண்டே போகிறாய்.
நாலைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வை.
இல்லாவிட்டால் முள் தெரியும், புதர் தெரியாது."
உண்மைதான்.
போன மாதிரிப் படத்தில்
ஒரு வாயு மேகமே காணாமல் போயிருந்தது,
நாங்கள் அதைத் தெளிவு என்று பாராட்டியிருந்தோம்.

விடியும்போது முடிவு வந்தது.
பட்டியை விட்டு விலகியதால்
படம் கெடவில்லை. மேம்படவுமில்லை.
ஓரத்தில் மட்டும் ஒரு பொய்ப்புள்ளி
சற்றே பெரிதாயிற்று.
கையெழுத்திட்டேன்.

பிறகுதான் மின்வேலி.
ஒவ்வொரு துடிப்பும் எங்கள் காதில் இடி என்று
அவருக்குத் தொலைபேசியில் விளக்கினேன், கம்பித் தொலைபேசியில்,
இங்கே வேறு கிடையாது.
நெடுநேரம் பேச்சில்லை.
ஆடு ஒன்று இருமுவது கேட்டது.
"குட்டி போடும் மாதம் மட்டும் எரியவிடுவேன்.
குள்ளநரிக்கு உங்கள் கணக்கு தெரியாது."

அட்டவணையில் பென்சிலால் எழுதினேன்:
ஆகஸ்ட், இரவுகள்,
இருபத்தேழு செவிடு.