இயக்கத்தில் இல்லை

லிஃப்ட் நின்றால் எனக்குத் தெரியும்.
கதவு சென்சாரில் தூசி, இல்லையேல் ரிலே,
இல்லையேல் ஆறாவது மாடிப் பையன்
பட்டனில் அப்பிவைத்த சூயிங்கம்.
ஓஸ்ட்ராவாவின் பாதிக் கட்டடங்களை
அவற்றின் முனகலை வைத்தே அடையாளம் சொல்வேன்.

இந்தக் கிழங்கு முனகவில்லை.

நெல்லிக்காய் அளவு, ஆட்டுப்புழுக்கை நிறம்.
தலை எது கால் எது என்று சொல்லாமலே
பொட்டலத்தில் போட்டு விற்றுவிட்டார்கள்.
முதலாவதை மணலில் முழுசாகப் புதைத்தேன்.
பத்தாம் நாள் தோண்டினால் பாதி கூழ்.
அழுகிய முட்டை வாடை
சமையலறைவரை நடந்து போய்த் திரும்பி வந்தது.

இரண்டாவதைச் சும்மா மிதக்கவிட்டேன்.
ஃபில்டர் அதை மூலைக்கு மூலை துரத்தியது,
ராட்டினத்தில் ஏறிய குடிகாரனைப் போல.
வெள்ளைப் பஞ்சு பூத்தது.
பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
மறுநாளும் பஞ்சு. மறுநாளும் தேய்த்தேன்.
மூன்றாம் நாள் நத்தையே வந்து மேய்ந்துவிட்டுப் போனது.
பன்னிரண்டாம் நாள் ஒரு பக்கம் பச்சை ஊசி.
சரி, அதுதான் தலை.
அடியை மட்டும் மணலில் அழுத்தி
மீதியை வெளியே விட்டேன்,
போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டவன் முகம்போல.

பிறகு கேட்கவேண்டுமா!
அலையலையாய்ச் சுருண்ட இலைகள், கண்ணாடித் தொட்டி கொள்ளவில்லை.
நவம்பரில் மூடியை முட்டித் தள்ளி
ஒரு வெள்ளைக் கதிர்.
வேலைக்கு வந்த எல்லாருக்கும் போனில் படம் காட்டினேன்.
யாரும் இரண்டு நொடிக்கு மேல் பார்க்கவில்லை.

டிசம்பரில் இலைகள் கண்ணாடியாயின.
ஓட்டை. பிறகு நார். பிறகு ஒன்றுமில்லை.
லிஃப்ட் பழுது எழுதும் நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்:
பொட்டாசியம் போட்டாயிற்று.
விளக்கு இரண்டு மணி நேரம் குறைத்தாயிற்று.
விளக்கு இரண்டு மணி நேரம் கூட்டியாயிற்று.
தண்ணீர் பாதி மாற்றியாயிற்று. சூடு இருபத்தாறு.
வேருக்கு உரமாத்திரை, ஒன்று.
இன்னும் ஒன்று.
பிப்ரவரி: மொட்டை மணல், வெட்கமில்லாத மீன்கள்.

ஏணியைத் திருப்பித் தர வந்தாள் மூன்றாம் மாடி யார்மிலா.
மொத்தச் சந்தையில் வெங்காயம் தரம் பிரிப்பவள்.
கேட்காமலே ஸ்வெட்டர் கையைச் சுருட்டி
முழங்கைவரை தொட்டியில் விட்டு
கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து.
மூக்கருகே கொண்டுபோனாள்.
“கல்லாட்டம் இருக்கு. நாறவும் இல்லை.
இது செத்துப்போச்சுன்னு
உனக்கு யார் சொன்னது, போஹுமீர்?”
கையை என் துண்டில் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நோட்டில் அதற்குக் கட்டமே இல்லை.
நிற்பது என்றால் பழுது,
இருபத்திரண்டு வருடமாக அதற்குத்தான் சம்பளம்.

ஜாம் பாட்டிலில் ஈர மணல் போட்டு
மொட்டைமாடி மோட்டார் அறையில் வைத்தேன்.
இருட்டு, குளிர், கிரீஸ் வாசனை.
பாட்டில் கழுத்தில், யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும்,
வழக்கமான பலகை: இயக்கத்தில் இல்லை.
எண்ணெய் போடப் போகும்போதெல்லாம்
மணலில் விரல்விட்டு ஓர் அழுத்து.
கல். அடுத்த வாரம், கல்.
வேறெதுவும் செய்யாமல் இருப்பதற்குத்தான்
எவ்வளவு கஷ்டப்பட்டேன்.

நேற்று விரலை ஏதோ குத்தியது.

பலகையைக் கழற்றினேன்.
ஒன்பது மாடியும் படிக்கட்டு வழியாகவே ஓடி இறங்கி
யார்மிலாவின் வீட்டைத் தாண்டிப்போய் மறுபடி ஏறிக்
கதவைத் தட்டும்போதுதான் நினைவு வந்தது,
லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.