ஐம்பது எழுத்து

வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்குள் ஏற்றியாக வேண்டும்.
சர்வர் சுற்றுகிறது,
நங்கூரம் பாய்ச்சிய வள்ளம் மாதிரி
நின்ற இடத்திலேயே.

இளநிலை உதவியாளருக்குக் கட்டங்கள் நான்கு:
நிகழ்ச்சி, பங்கேற்றோர், பரிசு, குறிப்பு.
குறிப்புக்கு ஐம்பது எழுத்து.
புள்ளியும் இடைவெளியும் அதற்குள் அடக்கம்.

கோ-கோ, குறுவட்டம், முதலிடம்.
இவ்வளவு போகும்.
பன்னிரண்டு பேருக்கு ஏழு ஜோடி ஷூதான் இருந்தது,
அதனால் ஒருத்திக்கும் வேண்டாமென்று
நம்புநாயகி சொன்னதும்
உச்சிப்புளி மைதானத்து நெருஞ்சியில்
அத்தனை பேரும் வெறுங்காலோடு விரட்டியதும்
போகாது.

கோப்பைக்கு லக்கேஜ் போடணும் என்றாராம் கண்டக்டர்.
மடியில் வச்சுக்கிட்டா?
மடியில வச்சா கைப்பிள்ளைக் கணக்கு, டிக்கெட் இல்ல.
மண்டபம் தாண்டி, பாலம் முழுக்க
மடி மாறி மடி மாறி
பாம்பன் வந்து சேர்ந்தது பித்தளைப் பிள்ளை.
வைக்க அலமாரி இல்லை.
சத்துணவுக்கூடத்தில் அரிசி டிரம்மின் மேல் இருக்கிறது.
நேற்று அதற்குள் யாரோ
முட்டை எண்ணி வைத்திருந்தார்கள்.

செவ்வாயன்று வருகை ஏன் குறைந்தது?
மேலிடம் கேட்டிருக்கிறது.
திங்கள் போன விசைப்படகு செவ்வாய் விடியலில் கரை சேரும்,
இறால் பிரிக்கச் சின்ன விரல்கள் வேண்டும்.
நான் அடித்தது: காய்ச்சல்.
மூன்றாம் பாடவேளைக்கு எல்லோருக்கும் குணமாகிவிட்டது.

அன்றைக்குத்தான் அறிவியல் கண்காட்சி.
டீசல் கேனை அறுத்து
ஜெர்லின் பெனிட்டா செய்த காற்றாடி
பல்பை எரியவைத்தது, உண்மை.
கச்சான் கொஞ்சம் கூடுதலாக வீசியதும்
தண்டை விட்டுக் கிளம்பியதும் உண்மை.
இறங்கிய இடம், அலுவலரின் ஜீப்.
பரிசு, ஆறுதல்.

பள்ளி மேலாண்மைக் குழுவும் கூடியது.
பாசி எடுக்கப் போன காளீஸ்வரியின் அம்மா
அப்படியே வந்திருந்தார்.
கண்ணைச் சுற்றி முங்குகண்ணாடியின் தடம்,
சேலையின் ஈரம் நாற்காலியில்.
எல்லோரும் பேசி முடித்தபின் ஒன்றே ஒன்று கேட்டார்:
"பொம்பளப்பிள்ளைக கக்கூசுக்குத் தண்ணி எப்ப வரும்?"
தீர்மானப் பதிவேட்டில் அது
'பெற்றோர் ஒருவர் ஆலோசனை வழங்கினார்'
என்று ஆகியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

வினாடி வினாவைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன்.

ராமநாதபுரம், மாவட்டச் சுற்று, கடைசிக் கேள்வி.
மன்னார் வளைகுடாவில் தீவுகள் எத்தனை?
விடைத்தாளில் இருபத்தொன்று.
நிஸ்தார் பத்தொன்பது என்றான்.
நடுவர் மறுபடி கேட்டார், இரக்கத்தோடு.
"பத்தொன்பதுதான் சார். ரெண்டு முங்கிருச்சு.
பூவரசன்பட்டி மேலயே எங்க மாமா வள்ளம் போகும்.
தண்ணி வத்துனா அடியில கல்லு தட்டும்."
நடுவர் தாளைப் பார்த்தார்.
தாளில் கல் தட்டவில்லை.

ஒரு மதிப்பெண்ணில் இரண்டாம் இடம்.
வரும் வழியில் அவன்
ஜன்னலோரம் பட்டாணி தின்றுகொண்டு வந்தானாம்.
அழுதது செல்வராணி டீச்சர்.
இருபத்தொன்று என்று சொல்லிக்கொடுத்தது
அவர்தான், இரண்டு முறை, கரும்பலகையில்.
இன்று காலை எட்டாம் வகுப்புக்குள் போனதும்
முதல் வேலையாக அழித்து எழுதினாராம்.

ஐந்து இருபத்திரண்டு.
பாலத்தில் ரயில் நகரும் சத்தம், மெதுவாக,
பிள்ளை நடக்கப் பழகுவதுபோல.
திரை விழித்துக்கொண்டது.
வினாடி வினா, இரண்டாம் இடம், குறிப்பு:
தீவுகள் பத்தொன்பது. மாணவன் சொன்னதே சரி.
எண்ணிப் பார்த்தேன், ஐம்பதுக்குள்தான்.

அந்தக் காய்ச்சலையும் திருத்தியிருக்கலாம்.
திருத்தவில்லை.
அபராதம், விசாரணை, அம்மாக்களை வரச்சொல்லி ஒரு கடிதம்,
அதையும் நான்தான் அடிக்க வேண்டும்.

பதிவேற்றம் வெற்றி.

சாவியோடு சத்துணவுக்கூடத்துக்குப் போனேன்.
கோப்பையில் இன்று முட்டை இல்லை.
அடியில் ஒரு கைப்பிடி நெருஞ்சி,
உள்ளங்காலில் இருந்து பிடுங்கியவை,
சிலவற்றின் நுனி கறுத்திருந்தது.
கொட்ட மனம் வராமல்
பூட்டிவிட்டு வந்தேன்.