ஒன்பது புள்ளி

உங்கள் கடிதம் கிடைத்தது, கலாநிதி. படங்களும்.
இராவணன் வெட்டுக்குக் கீழே எட்டுப் பாகத்தில்
நீங்கள் கமராவோடு இறங்கி எடுத்தவை.
முதுகில் மஞ்சள் புள்ளி பதினொன்று.
நானும் எண்ணினேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருதரம்.

"மூல விவரணத்தில் ஒன்பது என்றிருக்கிறதே ஐயா,
மாதிரி சிதைந்திருந்ததா?"
கேள்வி பரவாயில்லை.
அந்த 'ஐயா'தான் சுடுகிறது.

சுண்டுவிரல் நகத்தளவு, ஓடில்லாத கடல் நத்தை.
சாராயத்தில் விழுந்தால் இரண்டு மணித்தியாலத்தில்
சிவப்புப் போகும், ஊதாப் போகும், மஞ்சள் போகும்;
போத்தலின் அடியில்
சோற்றுப் பருக்கை மாதிரி ஒன்று கிடக்கும்.
என் கைக்கு வந்தது பருக்கை.

நிறத்தைக் கண்டவள் ஜெசீரா.
கிண்ணியாவிலிருந்து பாதை ஏறி வருகிறவள்.
நிலையத்தில் இருந்தது ஒரேயொரு நுணுக்குக்காட்டி:
ஒற்றைத் திகதி அவளுக்கு, இரட்டை எனக்கு.
முப்பத்தொன்றும் ஒன்றும்
அடுத்தடுத்து அவளுக்கே போய்விடும்.
அந்த ஒரு நாளுக்காக
நாட்காட்டியோடு பகை வைத்திருந்தவன் நான்.

அப்படியொரு முப்பத்தோராம் திகதி.
சங்கு குளிக்கப் போன சூசைதாசன்
பாசியோடு ஒட்டி வந்ததை அவளிடம் கொடுத்தான்.
நான் அவனை 'டேய்' என்று கூப்பிடுகிறவன்,
எனக்கு ஏன் தருவான்?
சவர்க்காரப் பேசினில் கடல்தண்ணி ஊற்றி
விடியும்வரை அதை உயிரோடு வைத்திருந்தாள்.
கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு.
குறிப்பேட்டில் பென்சிலால்:
"கொம்பு நுனி சிவப்பு. செவுள் ஊதா.
முதுகில் மஞ்சள் புள்ளி ஒன்பது.
விடிந்தால் செத்துவிடும், அதற்குள் எழுதுகிறேன்."

அந்த மாதம் சண்டை தொடங்கிப் பாதை நின்றது.
ஆறு கிழமை அவளால் வர முடியவில்லை.
ஆறு கிழமை எல்லாத் திகதியும் எனது.

தாளைக் கிழிக்கவில்லை.
பிளேட்டால் வெட்டினேன், தையலை ஒட்டி,
இல்லாததுபோல.
பிறகு என் ஏடு, என் மை, என் கையெழுத்து,
லண்டனுக்கு ஒரு பதிவுத் தபால்.
இன்றைக்கும் அந்த இலத்தீன் பெயரின் வாலில்
என் பெயர், ஒரு காற்புள்ளி, ஓர் ஆண்டு.
வேலை, வீடு, மகளின் சீதனம்
எல்லாம் தொங்கியது அந்தக் காற்புள்ளியில்.

அச்சுப் பிரதி வந்த அன்று
அவள் அதை நின்றபடியே வாசித்தாள்.
கத்துவாள் என்று
யன்னல்களைச் சாத்தி வைத்திருந்தேன்.
"எண்ணிப் பார்த்தீங்களா?" என்றாள்.
அவ்வளவுதான்.
அடுத்த வருடம் மூதூரில் விஞ்ஞான ரீச்சர்.

குத்திக் காட்டினாள் என்றே
முப்பத்தெட்டு வருடம் நினைத்திருந்தேன்.
உங்கள் படம் வந்த பிறகு வேறுமாதிரிக் கேட்கிறது.
விளக்கு வெளிச்சத்தில் இரண்டு தவறியதோ என்று
அவளுக்கே சந்தேகம் இருந்திருக்கும்.
இன்னொரு சோடிக் கண் பார்த்ததா என்று
உண்மையாகவே கேட்டிருப்பாள்.
அல்லது தெரிந்தே ஒன்பது என்று எழுதினாளா?
நானென்றால் அப்படித்தான் செய்திருப்பேன்.

'மூல ஆசிரியரின் பிழை' என்று
திருத்தக் கட்டுரையில் எழுதப்போகிறீர்களாம்.
எழுதுங்கள்.
ஆனால் பிழை என்னுடையதில்லை, அதுவும் அவளுடையது.
வெட்டி எடுத்த தாளில்
வெட்டுப்படாமல் வந்த ஒரே கையெழுத்து.

இதை நாலுதரம் எழுதிக் கிழித்தேன்.
இன்று பின்னேரம் கொண்டுபோனபோது
தபால் கந்தோர் பூட்டிவிட்டது.
திரும்பும் வழியில் கோட்டை வாசலில்
புள்ளிமான்கள், ரொட்டித்தாள் மென்றபடி.
ஒன்றின் முதுகை எண்ணத் தொடங்கினேன்.
இருபத்திரண்டில் அது நகர்ந்துவிட்டது.
உயிரோடு நிற்பதை எண்ணுவது
எனக்கு இதுதான் முதல்தரம்.